பதினேழாம் நம்பர் ரூமுக்கு ஏன் இரண்டு தொட்டி

கம்பெனித் தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

போன வாரம் என் வீட்டுக்கு வந்து ஆளுக்கு இரண்டு டம்ளர் டீ குடித்தீர்கள். எரு எவ்வளவு வைக்க, பூச்சி விழுந்தால் என்ன தெளிக்க என்று கேட்டீர்கள். அதையெல்லாம் உரக்கடைக்காரரே சொல்லிவிடுவார். கேட்காமலேயே சொல்வார், கூடவே ஒரு மூட்டையையும் தலையில் கட்டிவிடுவார். ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று ஒருத்தி கேட்டாள் பாருங்கள், "எல்லா ரூமுக்கு முன்னாலயும் ஒரு தண்ணித் தொட்டிதான இருக்கு, பதினேழாம் நம்பருக்கு மட்டும் ஏங்க்கா ரெண்டு?" என்று. அது கேள்வி. அதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டே பதில் சொல்ல முடியாது. வேன்காரர் வேறு ஹாரனை அடித்துத் தெருவையே கூட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் வேலைக்கு வந்திருப்பது வெயிலைக் கும்பிடுகிற தொழிலுக்கு. மேகம் கறுத்தால் மற்ற ஊரில் முகம் மலரும். நம் கம்பெனியில் மேகத்தோடு சேர்ந்து எல்லார் முகமும் கறுக்கும். பட்டாசு மருந்து காயாது. மேடையில் காயப் போட்டதை அவசர அவசரமாக அள்ள வேண்டும். மின்னல் வெட்டினால் அத்தனை பேரையும் ரூமை விட்டு வெளியேற்ற வேண்டும். அன்றைக்கு வேலை போச்சு, கூலியும் போச்சு. ஆக, மழை வேண்டும் என்று நினைக்கிற ஒரே ஆள் தோட்டக்காரிதான். நான் சும்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தால் போதும், யாராவது ஒருத்தி கத்துவாள்: "யக்கா, கீழ பாருங்க! நீங்க அண்ணாந்து பாத்தீகன்னா வந்து தொலைச்சிரும்!"

நம் முதலாளி பாடு அதைவிட மோசம். அவருக்கு மல்லாங்கிணறு பக்கம் மானாவாரி நிலம். காலையில் கம்பெனிக்கு வந்தால் வெயில் வேண்டும், சாயங்காலம் காட்டுக்குப் போனால் மழை வேண்டும். இவர் சாமியிடம் என்னதான் கேட்பார் என்று ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். "ஊரச் சொல்லித்தாம்மா கேப்பேன். மல்லாங்கிணத்துல பெய்யட்டும், கம்பெனி இருக்கிற அச்சங்குளத்துல வேண்டாம்னு" என்றார். சாமி எப்போதும் விலாசத்தை மாற்றித்தான் படித்தார்.

பட்டாசுக் கம்பெனிக்குத் தோட்டம் எதற்கு என்று உங்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். என்னையும் கேட்டார்கள். ரூமுக்கும் ரூமுக்கும் நடுவில் நிறைய இடம் விட்டுத்தான் கட்டுகிறார்கள். அதைச் சும்மா போட்டால் புல் முளைக்கும், முளைத்தது காயும், காய்ந்தது நெருப்புக்காகக் காத்துக் கிடக்கும். அதற்குப் பதிலாக ஒருத்தியை வைத்து, பார்த்துப் பார்த்துப் பச்சையாக வைத்துக்கொள்வது மேல். அந்த ஒருத்தியாகத்தான் நான் போய்ச் சேர்ந்தேன். அதுவரை பிறத்தியார் காட்டில் களை வெட்டிய கை இது. அதனால் எனக்குச் செடி தெரியும் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

முதல் கோடையிலேயே அந்தத் திமிரை ஒருவர் இறக்கி வைத்தார். போர்மேன். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, அதனால் போடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, ஒவ்வொரு ரூமாக நடப்பார். சிரிப்பது கிடையாது. ஆபீஸ் முன்னால் நான் ஒரு பாத்தி கனகாம்பரம் போட்டிருந்தேன். கத்திரி வெயில் தொடங்கியதும் அது இலையைச் சுருட்ட ஆரம்பித்தது. நான் கை கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் என்று தூக்குவாளியில் வீட்டிலிருந்தே கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். போர்மேன் வந்து நின்றார்.

"இது பொழைக்குமா?"

"மழ வந்தாப் பொழைச்சுக்கிரும் சார்."

"மழ எப்ப வரும்?"

அதை என்னைக் கேட்டால்? அவர் குனிந்து ஒரு இலையைக் கிள்ளி, விரலால் நொறுக்கிப் பார்த்தார். "எனக்குச் செடி தெரியாதும்மா. தீ தெரியும். அதுக்குக் காஞ்ச எலையக் காட்டக் கூடாது. சாகப் போவுதுன்னு ஒனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, செத்த பெறகு புடுங்கலாம்னு காத்துக் கெடக்காத. பச்சையா இருக்கும்போதே புடுங்கிரு."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. உயிரோடு இருப்பதை எப்படிப் பிடுங்குவது? இன்னும் பூ இருக்கிறது சார், மொட்டு இருக்கிறது சார் என்று என்னென்னமோ சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த புதிது, எதற்கெடுத்தாலும் அழுகை வரும். அவர் அசையவே இல்லை. "அழுதுக்கிட்டே புடுங்கு. அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா புடுங்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ரூமுக்குப் போய்விட்டார்.

பிடுங்கினேன். அழுதுகொண்டேதான்.

இதுதான் நம் வேலை, பிள்ளைகளே. வேறெங்கும் தோட்டக்காரன் கெட்டிக்காரன் என்றால், சாகக் கிடந்த செடியைக் காப்பாற்றினான் என்று சொல்வார்கள். நமக்கு அப்படியில்லை. எதைக் காப்பாற்ற முடியாது என்று முன்னாலேயே தெரிந்துகொண்டு, பாதிப் பச்சையில் அதற்கு விடை கொடுப்பதுதான் நம் கெட்டிக்காரத்தனம். பங்குனி முடியும்போது ஒரு தடவை மெதுவாகத் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். போர்க் குழாயிலிருந்து தண்ணீர் எப்படி விழுகிறது, எத்தனை தடவை காற்றை மட்டும் துப்புகிறது என்று பாருங்கள். பிறகு மனதுக்குள்ளேயே பிரித்துக்கொள்ளுங்கள். அரளியைப் பற்றிக் கவலை வேண்டாம், அதற்கு வெயில் என்றால் விருந்துச் சாப்பாடு. வேம்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ரோஜாவும் குரோட்டன்ஸும்தான் சீமாட்டிகள். இருக்கிற தண்ணீரை எல்லாருக்கும் சமமாக ஊற்றி எல்லாவற்றையும் சாகடிக்காதீர்கள். நிற்கப் போவதற்கு ஊற்றுங்கள், போகப் போவதைப் பிடுங்கிக் குழியில் மூடுங்கள்.

இதை ஒத்துக்கொள்ளாமல் அடம்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சின்ன முதலாளியின் புல்வெளிதான் சாட்சி. அவர் படிப்பை முடித்துவிட்டு வந்த புதிதில் ஆபீஸ் முன்னால் வட்டமாக ஒரு புல்வெளி போட்டார். வடக்கே இருந்து ஆர்டர் கொடுக்க வரும் பார்ட்டிகள் அதைப் பார்த்தே மயங்கிவிடுவார்களாம். மார்கழியில் பார்க்கக் கண் குளிரத்தான் செய்தது. பங்குனி கழிந்ததும் காவி கட்டிக்கொண்டது. நான் போய், "தம்பி, இது தேறாது. எடுத்துட்டு மணலப் பரப்பிருவோம்" என்றேன். "பெரிய பார்ட்டி வருதுக்கா, அவுக வந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பார்ட்டி வருவதற்கு முதல் நாள் நான் லீவு. மறுநாள் வந்து பார்த்தால் புல்வெளி பச்சைப் பசேலென்று இருக்கிறது. எனக்கே ஒரு நிமிடம் புல்லரித்துவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் சாயம்! காகிதத்துக்குப் போடுகிற பச்சைச் சாயத்தைச் சிவகாசியிலிருந்து வாங்கி வந்து, தண்ணீரில் கரைத்து, மருந்தடிக்கிற ஸ்பிரேயரில் அடித்துவிட்டிருக்கிறார்கள். வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. நம் ஊரில்தான் உப்பு வாங்கப் போனால்கூட வழியில் சாயக்கடை இருக்கும்.

போர்மேன் வந்து பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்தச் சாயம் தீப்புடிக்குமா?"

"இல்ல அண்ணாச்சி, வெறும் தண்ணியில கரைச்சதுதான்" என்றார் சின்ன முதலாளி.

"சாயம் பிடிக்காது, சரி. அதுக்கடியில இருக்கிற புல்லு பிடிக்கும்ல? அத மறைச்சுல்ல வச்சிருக்கீக."

அதற்குள் கார் வந்துவிட்டது. வந்தவர் நல்ல தாட்டியான ஆள், வெள்ளை வெளேரென்று பைஜாமா. புல்வெளியைப் பார்த்ததும் குழந்தை மாதிரி குஷியாகி, போட்டோ எடுக்க வேண்டும் என்று நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது பின்பக்கம் முழுக்கப் பச்சை. உள்ளங்கையும் பச்சை, அதே கையால் துடைத்ததில் நெற்றியும் பச்சை. அவர் கையைப் பார்த்தார், பின்னால் திரும்பிப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே, "ஹோலி! ஹோலி!" என்றார். ஹோலி முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நல்ல மனுசன், ஆர்டரும் கொடுத்துவிட்டுத்தான் போனார். சின்ன முதலாளி அன்று மாலையே என்னிடம் வந்து, "யக்கா, மணலப் பரப்பிருங்க" என்றார். போனதைப் போனது என்று ஒத்துக்கொள்ளாவிட்டால் அது யாராவது ஒருவர் பைஜாமாவில் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

சிரித்துவிட்டீர்களா? சரி, இப்போது தொட்டிக்கு வருகிறேன்.

அது ஐப்பசியில் மழை ஏமாற்றிய வருசம். தை முடிவதற்குள் போரில் தண்ணீர் நூலாகிவிட்டது. லாரித் தண்ணீர் வரும் என்பார்கள், வராது. வந்தாலும் பாதி வழியில் யாராவது மறித்திருப்பார்கள். போர்மேன் எல்லாரையும் கூட்டி வைத்து, "தொட்டி மொதல்ல, தொண்ட ரெண்டாவது, தோட்டம் கடைசி" என்றார். ஒவ்வொரு ரூமுக்கும் வெளியே இருக்கும் சிமெண்டுத் தொட்டி எதற்கென்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உள்ளே பொறி கிளம்பினால், யார் மேலாவது பற்றினால், ஓடி வந்து மொள்ள வேண்டிய தண்ணீர் அது. உள்பக்கம் சிவப்பில் ஒரு கோடு இருக்கும். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. அதில் கை வைக்கிற ஆளுக்கு அன்றோடு வேலை இல்லை. இது கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து உள்ள சட்டம்.

நான் பங்குனியிலேயே முக்கால்வாசித் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டேன். மிச்சமிருந்ததில் என்னை உறுத்தியது ஒரு செண்பகம். பதினேழாம் நம்பருக்குப் பின்னால், கம்பி வேலியை ஒட்டி நின்றது. ஓராள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது, இன்னும் ஒரு தடவைகூடப் பூக்கவில்லை. மலையடிவாரத்தில் குளிர்ச்சியாக நிற்க வேண்டிய ஜாதி அது. கரிசலில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? மண் வெடித்துக்கொண்டு போகும்போது வேரையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போகும். இது தேறாது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அது செல்லத்தாயின் மரம்.

செல்லத்தாய் பதினேழாம் நம்பரில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். அந்த ரூம்காரிகளுக்கு முழங்கை வரைக்கும் அலுமினியத் தூள் ஒட்டி வெள்ளியாக மின்னும். "எத்தன நக போட்டிருக்கேன் பாருங்க" என்று இரண்டு கையையும் நீட்டுவாள். வாய் ஓயாது. அவள் வரும் வேன் திருப்பத்தில் வரும்போதே சத்தம் கேட்டு நான் நேரம் சொல்லிவிடுவேன். அவளுக்குப் பக்கத்து வீட்டில் மாரீஸ்வரி என்று ஒரு சிநேகிதி இருந்தாள். அவள் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தவள். இரண்டு பேரும் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, மாரீஸ்வரி தேர் பார்த்த கையோடு ஒரு செண்பகக் கன்று வாங்கி வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நடலாம் என்று பையோடு வாசலில் வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் அவள் கம்பெனியில் விபத்து. ரூமில் தீப்பிடித்து மாரீஸ்வரி இறந்துபோனாள். வாசலில் நின்ற கன்றைச் செல்லத்தாய் தூக்கிக்கொண்டு நம் கம்பெனிக்கு வந்தாள். அவள் இருப்பது வாடகை வீடு, ஒரு சாண் மண் கிடையாது. போர்மேனிடம் கேட்டாள். அவர் ரூமை விட்டுத் தள்ளி, வேலி ஓரமாக இடம் காட்டினார். நான்தான் குழி தோண்டினேன்.

அதனால் அந்தக் கோடையில் நான் அரிவாளோடு போனபோது அவள் குறுக்கே நின்றாள். "யக்கா, அத மட்டும் விட்ருங்க. நான் குடிக்கக் கொண்டார தண்ணிய ஊத்திக்கிறேன்."

"ஒரு பாட்டில் தண்ணி அதுக்குக் கொப்பளிக்கப் பத்தாது, செல்லம்."

"கொப்பளிக்கட்டும், விடுங்க."

சரி, பாதிப் பச்சை இருக்கிற வரைக்கும் நிற்கட்டும், அதற்கு மேல் நான் யார் பேச்சையும் கேட்கமாட்டேன் என்றேன். ஒத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஒரு நாள் போர்மேன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "பதினேழாம் நம்பர்த் தொட்டியில தண்ணி நிக்க மாட்டேங்குது. லாரி வந்த அன்னைக்குக் கோட்டுக்கு இருக்கு. மறுநா மத்தியானம் பாத்தா எறங்கியிருக்கு. இப்ப ரெண்டு நாளா லாரியும் வரல. தொட்டியில விரிசல் இல்ல. வெயில் இம்புட்டையும் குடிக்காது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தோட்டத்துக்குத் தண்ணி பத்தலையோ?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருசம் இவர் சொன்னதற்காக எத்தனை உயிரைப் பச்சையோடு பிடுங்கியிருக்கிறேன், என்னைப் பார்த்து இந்தக் கேள்வியா! "என் செடி அம்புட்டும் சாகட்டும் சார். நான் தொட்டியத் தொட்டதில்ல" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். வேலை செய்துகொண்டிருந்த அரிவாள் கையில் அப்படியே இருக்க, எங்கே போகிறேன் என்று தெரியாமலேயே பதினேழாம் நம்பருக்குப் பின்னால் போய் நின்றேன்.

வேலி ஓரம் முழுக்கக் கரிசல் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. செண்பகத்தின் தூரைச் சுற்றி மட்டும் வெடிப்பு மூடியிருந்தது. மண் ஈரம். அதன் மேல் வட்டமாக, மெலிசாக, வெள்ளிப் பூச்சு. வெள்ளிக் கையோடு மொண்டு வந்து ஊற்றிய தண்ணீர். வேறு யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

டீ நேரத்தில் செல்லத்தாய் வந்தாள். கையில் வெறும் பிளாஸ்டிக் குடம், மண் காய்ந்திருந்தால் மொண்டு வரலாம் என்று பார்க்க வந்திருப்பாள். என்னைப் பார்த்ததும் குடத்தை மறைக்கப் பார்த்தாள். குடத்தை எங்கே மறைப்பது? நான் அந்த வெள்ளி வட்டத்தைக் காட்டினேன். அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பேச்சு வராமல் நின்றாள். பிறகு ஓடிவந்து ஒரு கிளையைத் தாழ்த்திப் பிடித்தாள். மரத்தில் மற்றதெல்லாம் சருகாக நிற்க, அந்த ஒரு கிளையில் மட்டும் பச்சை. நுனியில் ஒரு மொட்டு.

"மொட்டு வச்சிருக்குக்கா. ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் விட்டுக் குடுங்க. பூக்குறதப் பாத்துட்டா நானே வெட்டிருதேன்."

"ஏட்டி, அது என்ன தண்ணின்னு தெரிஞ்சுதான் ஊத்துறியா? அந்த ரூமுக்குள்ள நீயும் சேத்து நாலு பேரு உக்காந்திருக்கீக."

"ஒரு கொடந்தானக்கா. ஒரு கொடத்துல என்ன கொறஞ்சிரப் போவுது?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் புகை வாசம் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தரிசு. அதற்கப்பால் யாரோ மக்காச்சோளத் தட்டைக்குத் தீ வைத்திருக்கிறார்கள். காற்று நம் பக்கம் திரும்பிவிட்டது. காய்ந்த புல்லில் நெருப்பு படுத்துக்கொண்டே ஓடி வந்தது. அந்தச் சடசடப்பு இன்னமும் என் காதில் இருக்கிறது. சைரன் ஊதிவிட்டார்கள். எல்லா ரூமிலிருந்தும் பெண்கள் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். "ஏலே, தண்ணி கொண்டாங்கலே! கொழைய ஒடிச்சு அடிங்கலே!" என்று போர்மேன் கத்திக்கொண்டே வர, ஆண்கள் வேப்பங்குழையோடு வேலிக்கு ஓடினார்கள். செல்லத்தாய் கேட்டுக்கு ஓடவில்லை. குடத்தோடு தன் ரூம் தொட்டிக்கு ஓடினாள். அதுதான் வேலிக்குக் கிட்டத்தில் இருந்த தொட்டி.

குடத்தை உள்ளே விட்டாள். சிமெண்டில் பிளாஸ்டிக் கரகரவென்று உரசியது. அவ்வளவுதான். மறுபடி விட்டாள், மறுபடியும் உரசல். காலையில் அவள் எடுத்தது ஒரு குடமாக இருக்கலாம். தினமும் ஒரு குடம், லாரி வராத நாளிலும் ஒரு குடம்.

அவள் தொட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அவளை இழுத்துக்கொண்டு போகத்தான் ஓடினேன். அவள் நிமிர்ந்தாள். "யக்கா, அருவாளக் குடுங்க" என்றாள்.

வேலியை ஒட்டி, ஒரு கிளை தவிர முழுக்கச் சருகாக நிற்கிற மரம். பின்னாலேயே மருந்து ரூம். ஒரு பொறி வந்து உட்கார்ந்தால் அந்த மரம்தான் திரி. இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவளே பார்த்துவிட்டாள். என் கையிலிருந்து அரிவாளை வாங்கி, தூரில் ஓங்கி ஓங்கிப் போட்டாள். ஒல்லி மரம்தான், நாலைந்து வெட்டில் சாய்ந்தது. நான் ஒரு பக்கம் பிடிக்க, அவள் ஒரு பக்கம் பிடிக்க, பச்சைக் கிளையோடும் மொட்டோடும் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் மணல் மேட்டுக்கு அப்பால் போட்டோம். அதற்குள் பக்கத்து ரூம் தொட்டிகளிலிருந்து தண்ணீரும் மணலுமாக வாரி இறைத்து ஆண்கள் நெருப்பை வேலியிலேயே அமர்த்திவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

போர்மேன் வந்தார். காலித் தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நாந்தான் சார்" என்றாள் செல்லத்தாய். "மரத்துக்கு ஊத்துனேன்."

அவர் வெட்டுப்பட்ட தூரைப் பார்த்தார். மரம் நட அந்த இடத்தைக் காட்டியவரே அவர்தானே. பிறகு, "வீட்டுக்குப் போம்மா" என்றார். வேனுக்குக்கூடக் காத்திருக்காமல் அந்த வெயிலில் நடந்தே போனாள்.

சட்டம் சட்டம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனாலும் சாயங்காலம் போர்மேனிடம் போனேன். "சார், அவள அனுப்புனது சரிதான். ஆனா அந்தத் தொட்டிய இனிமே கண்ணு மாதிரி பாத்துக்கிற ஆளு வேணும்னு தேடுனீகன்னா, அவளவிட்டா வேற ஆளு இல்ல. காலித் தொட்டியில தன் கையால கொடம் ஒரசுன சத்தத்தக் கேட்டவ அவ ஒருத்திதான்" என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே மழை வந்தது. நல்ல கோடை மழை, இடி, மின்னல், எல்லா மரியாதையோடும் வந்தது. பெண்கள் எல்லாரும் ரூமை விட்டு வெளியே வந்து நின்று திட்டித் தீர்த்தார்கள். என் மீதுதான் பழி, நான் அண்ணாந்து பார்த்தேனாம். நான் பந்தி முடிந்து எச்சில் இலை எடுக்கும்போது வந்து நிற்கும் தாய்மாமனைத் திட்டுகிற மாதிரி அந்த மழையைத் திட்டினேன். கொஞ்சம் அழவும் செய்தேன். போர்மேன் சொன்னதுதான், அதில் ஒன்றும் தப்பில்லை.

மழைக்குப் பிறகு ஒரு காலையில் வேன் திருப்பத்தில் அந்தச் சத்தம் கேட்டது. கூப்பிட்டு அனுப்பியது யார் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நான் அவளுக்காக ஒரு புங்கங்கன்று எடுத்து வைத்திருந்தேன். கரிசலுக்கு ஏற்ற மரம், சீக்கிரம் சாகாது. "வா, அந்தக் குழியில வச்சிருவோம்" என்றேன்.

கன்றை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "வேணாங்க்கா. இத வேற எங்கனயாச்சும் வைங்க. மரமா வச்சா மறுபடியும் ஒரு கோடையில நான் அதப் பாத்துக்கிட்டு நிப்பேன்." பிறகு நேரே போர்மேனிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். "சார், எங்க ரூமுக்கு அந்த மரம் நின்ன எடத்துல இன்னொரு தொட்டி வேணும். தண்ணி நான் ரொப்புதேன். மாரீஸ்வரி ரூமு வாசல்ல அன்னைக்கு ஒரு தொட்டி நெறைய இருந்திருந்தா…" என்றாள்.

இரண்டே நாளில் தொட்டி வந்தது. சிவப்புக் கோட்டைப் போர்மேனே குனிந்து உட்கார்ந்து இழுத்தார்.

நான் வேலையை விட்டு நின்ற பிறகும் அவள் அங்கேதான் இருக்கிறாள். நீங்கள் காலையில் அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம். எந்தக் கோடையில் எந்தச் செடியை இழந்தாலும் சரி, வேறு எந்தத் தண்ணீருக்கு ஏங்கினாலும் சரி, அந்தத் தொட்டிப் பக்கம் குடத்தோடு போகாதீர்கள். வேனை விட்டு இறங்கியதும் செல்லத்தாய் முதலில் அதைத்தான் நிரப்புவாள், ரூம் தொட்டியெல்லாம் பிறகுதான். போர்மேன் ரவுண்டு வருவார். சிரிக்கமாட்டார், தொட்டி என்றும் சொல்லமாட்டார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒன்று கேட்பார்.

"மாரீஸ்வரி நெறஞ்சிருக்காளா?"

"நெறஞ்சிருக்கா சார்" என்று சொன்ன பிறகுதான் பதினேழாம் நம்பர் ரூமின் கதவைத் திறப்பார்கள்.